மனிதர் அசைவும் சித்திரப் பாவையும்

பாவைக்கூத்தில் பாவையை ஆட்டுவிக்கும் கலைஞர் திரைக்குப் பின்னால் நிற்கிறார். அவருடைய விரல் அசைந்தால் பாவையின் கை அசைகிறது. அவர் மணிக்கட்டைத் திருப்பினால் பாவை தலையைத் திருப்புகிறது. காண்போர் கண்ணுக்குப் பாவை மட்டுமே தெரிகிறது. எனினும், இரண்டுக்கும் இடையே ஒரு நூல் உண்டு என்பதை அரங்கில் உள்ள சிறுவனும் அறிவான்.

இன்றைய சித்திரப் படங்களிலும் இத்தகைய ஓர் ஆட்டம் நடைபெறுகிறது. ஆனால் அங்கே நூல் கிடையாது. ஒருவர் காமிராவின் முன் நடக்கிறார். திரையிலே ஒரு கரடி நடக்கிறது. அவர் தோளைக் குலுக்கினால் கரடியும் தோளைக் குலுக்குகிறது. உடல் கரடியுடையது, நடை மனிதருடையது. இம்மாற்றத்தை இப்பொழுது மிக எளிதாகச் செய்து தருவது செயற்கை நுண்ணறிவு என்று நாம் வழங்கும் கணிப்பொறி முறையாகும். அது எவ்வாறு நிகழ்கிறது, அதனால் விளையும் பயன் யாது, அதில் நாம் விழிப்புடன் இருக்கவேண்டிய இடம் எது என்பவற்றை இங்கே காண்போம்.

உடலிலிருந்து அசைவைத் தனியே பிரித்தெடுக்கலாம் என்னும் எண்ணம் புதியதன்று. பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் எத்தியேன் ழூல் மாரே என்பவர் 1880களிலேயே அதைச் செய்து காட்டினார். அவர் ஒரு மனிதனுக்குத் தலை முதல் கால் வரை கறுப்பு உடை அணிவித்தார். கைகால்களின் நீளவாக்கில் வெள்ளைக் கோடுகளையும், மூட்டுகளில் வெள்ளைப் புள்ளிகளையும் இட்டார். கறுப்புப் பின்னணியின் முன்னே அவனை நடக்கவும் ஓடவும் விட்டு, ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் பல படங்களைப் பிடித்தார். தகட்டைக் கழுவிப் பார்த்தால் மனிதனைக் காணோம். கோடுகளும் புள்ளிகளும் மட்டுமே விசிறி விரித்தாற்போல் வரிசையாக நின்றன. மனிதன் மறைந்தான்; அவன் ஓட்டம் எஞ்சியது.

இதற்குப் பின்னர், அமெரிக்காவில் மாக்ஸ் ஃபிளைஷர் என்னும் சித்திரப் படக் கலைஞர், நடிகரைப் படம் பிடித்து, அப்படத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் கண்ணாடியின்மேல் வீழ்த்தி, அதன்மேல் தாளை வைத்து வரைந்தெடுக்கும் கருவியைக் கண்டுபிடித்தார். 1917-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவர் தம்பி டேவ் கோமாளி உடையணிந்து ஆட, அவ்வாட்டத்தின்மேல் வரையப்பட்டதே கோகோ என்னும் கோமாளிப் பாத்திரம். கோமாளியைப் பார்த்துச் சிரித்தவர்கள் கோடிக்கணக்கானோர். அந்த நடைக்குரிய டேவை நினைத்தவர் எத்தனை பேர்? இக்கேள்வியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் நாம் இதற்கே திரும்ப வேண்டியிருக்கும்.

மற்றொரு சோதனையையும் இங்கே குறிப்பிடவேண்டும். சுவீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னார் யோஹான்சன், ஒருவருடைய மூட்டுகளில் ஏறத்தாழ ஒரு டஜன் சிறு விளக்குகளைப் பொருத்தி, இருளில் நடக்கச் செய்து படம் பிடித்தார். 1973-இல் அவர் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. அசையாது நின்றபோது அவை வெறும் ஒளிப்பொட்டுகளாகவே தோன்றின. அசையத் தொடங்கியதும், பார்த்தவர் அனைவரும் கணப்பொழுதில், ‘இது மனிதன் நடப்பது’ என்று கூறிவிட்டனர். முகம் இல்லை, உடல் இல்லை, உடை இல்லை. ஆயினும் மனிதன் தெரிந்தான். தொலைவில் வருபவரை, முகம் தெரியுமுன்பே நடையைக் கொண்டு இன்னார் என்று நாம் அடையாளம் காண்பதில்லையா? அசைவை அறிய உடல் முழுவதும் வேண்டுவதில்லை, மூட்டுகள் போதும். இத்துறையின் அடித்தளம் இந்த ஓர் உண்மையே ஆகும்.

திரைப்படத் துறை இவ்வுண்மையைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. நடிகருக்கு உடலோடு ஒட்டிய உடையை அணிவித்து, மூட்டுதோறும் ஒளியைத் திருப்பிக் காட்டும் சிறு உருண்டைகளை ஒட்டுவார்கள். அரங்கைச் சுற்றிலும் பல காமிராக்கள் நிற்கும். ஓர் உருண்டையை இரண்டு காமிராக்கள் இரு வேறு திசைகளிலிருந்து கண்டால், அது எவ்விடத்தில் இருக்கிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். நில அளவையாளர் இரண்டு இடங்களில் நின்று ஒரு கோபுரத்தின் தொலைவைக் கணக்கிடுவதைப் போன்றதே இது. 2014-இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ இவ்வாறு நடிப்பைப் பதிவு செய்து ஆக்கப்பட்ட தமிழ்ப் படம். சௌந்தர்யா ரஜினிகாந்த் அதை இயக்கினார். ரஜினிகாந்தின் அசைவுகளைச் சித்திர உருவம் ஒன்று அதில் ஏற்றது. 2009-இல் மறைந்த நாகேஷின் உருவமும் அப்படத்திலே தோன்றியது. அவருடைய உருவத்தை வரைந்துவிடலாம். ஆனால் அசைவு வேறிடத்திலிருந்தே வந்தாக வேண்டும். உருவம் ஒருவருடையதாகவும் அசைவு மற்றொருவருடையதாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இம்முறைக்குத் தனி அரங்கும், விலையுயர்ந்த காமிராக்களும், பயிற்சி பெற்ற பணியாளரும் தேவை. செயற்கை நுண்ணறிவு வந்த பின்னர், உருண்டையும் வேண்டாம், தனி உடையும் வேண்டாம் என்னும் நிலை தோன்றியிருக்கிறது. கைப்பேசியில் எடுத்த ஒரு சாதாரணப் படத்திலிருந்தே மூட்டுகள் இருக்கும் இடத்தைக் கணிப்பொறி ஊகித்துக்கொள்கிறது.

அது ஊகிக்கக் கற்ற விதத்தைக் காண்போம். முதலில் மனிதர்களே அதற்கு ஆசிரியராக இருந்தனர். ஆயிரக்கணக்கான புகைப்படங்களை எடுத்து, ஒவ்வொரு மனித உருவத்திலும் மூக்கு, இரு கண்கள், இரு காதுகள், தோள்கள், முழங்கைகள், மணிக்கட்டுகள், இடுப்பு மூட்டுகள், முழங்கால்கள், கணுக்கால்கள் ஆகிய 17 இடங்களைக் கையால் குறித்தனர். ‘கோக்கோ’ என்று பெயர் பெற்ற படத்தொகுப்பில் இவ்வாறு குறிக்கப்பட்ட மனித உருவங்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை. கணிப்பொறியிடம் ஒரு படத்தைக் காட்டி, ‘முழங்கை எங்கே?’ என்று கேட்பதுபோல் ஒரு கணக்கு நடைபெறுகிறது. முதல் விடை தவறாக இருக்கும். சரியான இடத்துக்கும் அது சொன்ன இடத்துக்கும் உள்ள தூரம் அளக்கப்படுகிறது. அந்தத் தூரம் சிறிது குறையுமாறு அதனுள்ளே இருக்கும் எண்கள் திருத்தப்படுகின்றன. இப்படி லட்சக்கணக்கான முறை நடந்தபின், முன்பு காணாத படத்திலும் முழங்கையைச் சுட்டிக்காட்டும் திறன் அதற்கு வந்துவிடுகிறது.

எனினும் ஒரு தடை உண்டு. புகைப்படம் தட்டையானது. தோற்பாவையின் நிழலில் கை முன்னே நீண்டிருக்கிறதா, பின்னே நீண்டிருக்கிறதா என்று சொல்ல முடியாதது போலவே, ஒரே காமிராவின் படத்திலும் ஆழம் தெரிவதில்லை. இக்குறையை நீக்க, உருண்டைகள் ஒட்டி அளந்த சரியான அளவுகளையும், அதே வேளையில் காமிராக்கள் எடுத்த படங்களையும் ஒருங்கே வைத்துக் கணிப்பொறிக்குக் கற்பித்தனர். 2014-இல் வெளியிடப்பட்ட புகழ்பெற்ற தொகுப்பு ஒன்றில் 36 லட்சம் உடல் நிலைகள் உள்ளன. அவற்றை நடித்துக் காட்டியவர்களோ 11 பேர் மட்டுமே. உண்ணுதல், தொலைபேசியில் பேசுதல், புகைபிடித்தல், நாயை அழைத்துக்கொண்டு நடத்தல் போன்ற செயல்களை அவர்கள் செய்தனர். உலகத்தார் அசைவைக் கற்ற கணிப்பொறிக்கு, 11 பேருடைய உடல்கள் பாடப்புத்தகமாக அமைந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, பிரித்தெடுத்த அசைவைச் சித்திரப் பாத்திரத்தின்மேல் ஏற்றும் வகையைப் பார்ப்போம். மனிதரின் மூட்டு இருக்கும் இடத்தை அப்படியே பாத்திரத்துக்குக் கொடுத்தால் காரியம் கெட்டுவிடும். ஆறடி மனிதரின் தோள் இருக்கும் உயரத்தில் மூன்றடிக் குள்ளனுக்கு வானமே இருக்கும். ஆதலால் இடத்தை விட்டுக் கோணத்தை எடுத்துக்கொள்கிறார்கள். முழங்கை எத்தனை பாகை மடங்கியது, தொடை எத்தனை பாகை உயர்ந்தது என்னும் அளவுகளே மாற்றப்படுகின்றன. உயரம் எதுவாயினும் கோணம் பொருந்தும் அன்றோ?

பொருந்தும், ஆனால் முற்றிலும் பொருந்தாது. ஓர் எளிய உதாரணம் கூறுகிறேன். ஒருவர் இரு கைகளையும் கூப்பி வணக்கம் செய்கிறார். அக்கோணங்களை, அகன்ற மார்பும் குட்டைக் கைகளும் கொண்ட கரடிக்குக் கொடுத்தால், அதன் உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நின்றுவிடும். ஒல்லியான பாத்திரத்துக்குக் கொடுத்தால், கைகள் ஒன்றையொன்று ஊடுருவிப் போய்விடும். கோணம் அனைத்தும் சரி; வணக்கம் மட்டும் இல்லை! நடையிலும் இவ்வாறே. கால் நீளம் மாறியதும், ஊன்றிய பாதம் தரையில் வழுக்கத் தொடங்கும். 1998-இல் மைக்கேல் கிளைச்சர் என்னும் கணிப்பொறி அறிஞர் இச்சிக்கலுக்கு ஒரு வழி கூறினார். எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதை முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும். நடையில் ஊன்றிய பாதம் நகரக்கூடாது, பொருளை எடுக்கையில் கை அப்பொருளைத் தொட வேண்டும். இக்கட்டுப்பாடுகளைக் காத்துக்கொண்டு, எஞ்சியவற்றை மூல அசைவுக்கு இயன்ற மட்டும் நெருக்கமாக அமைக்க வேண்டும் என்பது அவர் முறை. அன்று மனிதர் வகுத்துக் கொடுத்த கட்டுப்பாடுகளைப் பல அசைவுகளை ஒப்பிட்டுத் தானே கற்றுக்கொள்ளும் முறைகள் பின்னர் வந்தன.

இதன் பயன் சிறிதன்று. பெரிய நிறுவனங்களுக்கே உரியதாக இருந்த ஆற்றல், எளியவர் கைக்கும் எட்டியிருக்கிறது. 2021-இல் மெட்டா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் குழந்தைகள் வரைந்த படங்களை ஆடவைக்கும் கருவி ஒன்றை வெளியிட்டனர். வட்டத் தலையும் குச்சிக் கால்களுமாகக் குழந்தை வரைந்த உருவத்தைக் கணிப்பொறி தாளிலிருந்து பிரித்து, மூட்டுகளைக் கண்டறிந்து, முன்பே பதிவாகியிருந்த மனித அசைவை அதன்மேல் ஏற்றுகிறது. மக்கள் மனமுவந்து அளித்த ஏறத்தாழ 1,80,000 படங்களின் தொகுப்பை 2023-இல் அவர்கள் ஆராய்ச்சிக்குத் திறந்துவிட்டனர். ஆசிரியர் ஒருவர் தம் வகுப்புக்கு ஒரு கதையைச் சித்திரப் படமாக்க விரும்பினால், இன்று அவருக்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை.

ஆனால் நன்மை உள்ள இடத்தில் நாம் கண்ணை மூடிக்கொள்வது தகாது. இரண்டு செய்திகளை இங்கே ஆழ்ந்து எண்ணவேண்டும்.

முதலாவது, கணிப்பொறி காணாததை ஊகத்தால் நிரப்பிக்கொள்கிறது. நீண்ட புடவையின் உள்ளே முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பது காமிராவுக்குத் தெரியாது. அப்போது கணிப்பொறி, தான் கற்றவற்றுள் மிகுதியாகக் கண்டது எதுவோ அதை அங்கே வைத்துவிடும். பெரும்பாலோர் அசைவு அதற்கு நன்கு தெரியும். சிறுபான்மையோர் அசைவு தெரியாது. பரதநாட்டியத்தையே எடுத்துக்கொள்வோம். அரைமண்டியில் இருக்கும் உடலை, நாற்காலியில் உட்காரவும் தெருவில் நடக்கவும் கற்ற கணிப்பொறி எவ்வாறு அறியும்? சற்று நிமிர்த்திவிடும், பக்கவாட்டில் விரிந்த முழங்காலைச் சற்று முன்னே கொண்டுவந்துவிடும். கைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒற்றைக் கை முத்திரைகள் 28 என்று அபிநய தர்ப்பணம் கூறுகிறது. மணிக்கட்டோடு நின்றுவிடும் 17 புள்ளிகளுக்கு அந்த 28-ம் ஒன்றே! ஒவ்வொரு கைக்கும் 21 புள்ளிகள் குறிக்கும் முறைகள் பின்னர் வந்தன என்பது உண்மை. எனினும் ஒரு விரல் மற்றொரு விரலை மறைக்கும்போது அங்கும் ஊகமே ஆட்சி செய்கிறது.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நேயர்களுக்கு இச்செய்தி தனியே பொருளுடையது. தில்லியிலும், மும்பையிலும், கொல்கத்தாவிலும், அகமதாபாத்திலும் நம் குடும்பங்களைச் சேர்ந்த சிறுமியர் நாட்டியம் பயில்கின்றனர். ஊரில் உள்ள உறவினரின் கூத்தையும், கும்மியையும், கரகத்தையும் அவர்கள் ஆண்டுக்கொரு முறை காண்பதே அரிது. நாளை அவர்கள் திரையில் ஒரு சித்திரப் பாவை ஆடக் கண்டு, அதையே இலக்கணம் என்று எண்ணிப் பின்பற்றக்கூடும். பாவை தவறாக ஆடினால், அத்தவறு ஆயிரம் பிள்ளைகளின் உடலில் போய் அமரும். ஆசிரியர், ‘இன்னும் தாழ உட்கார்’ என்று முழங்காலைத் தொட்டுத் திருத்துகிறாரே, அந்தத் திருத்தத்தைப் பாவை செய்யாது. திரையைத் துணையாகக் கொள்ளலாம், குருவாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது செய்தி, முன்னே நாம் நிறுத்திவைத்த கேள்வி. உடலிலிருந்து பிரிந்துபோன அசைவு யாருக்குச் சொந்தம்? உருவம் மாறிவிட்டது, முகம் இல்லை, பெயரும் இல்லை. நடையைத் தந்தவர் கூலி பெறாமலும், பெயர் பெறாமலும் போக இதைவிட வசதியான வழி வேறில்லை. அமெரிக்காவில் நடன அமைப்பாளர் கைல் ஹானகாமி, தாம் அமைத்த நடனத்தின் ஒரு பகுதியை ‘ஃபோர்ட்நைட்’ என்னும் கணிப்பொறி விளையாட்டின் பாத்திரங்கள் ஆடுகின்றன என்று 2022-இல் அதன் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். அப்பகுதி சில வினாடிகளே நீளும் சிறு துணுக்கு. கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், நடனம் என்பது தனித்தனி நிலைகளின் கூட்டம் மட்டுமன்று என்று கருதி, வழக்கை மீண்டும் விசாரிக்க வழிவிட்டது. 2024-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில், விளையாட்டுத் துறைக்கு நடிக்கும் அமெரிக்கக் கலைஞர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். குரல் கொடுப்போருக்கு மட்டுமன்றி, உடலசைவு கொடுப்போருக்கும் செயற்கை நுண்ணறிவிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பது அவர்களுடைய தலையாய கோரிக்கைகளுள் ஒன்று. ஏறத்தாழ ஓராண்டுப் போராட்டத்திற்குப் பின், 2025 ஜூலையில் புதிய ஒப்பந்தம் உறுதியாயிற்று.

நம் நாட்டுச் சட்டம் இதைப் பற்றி யாது கூறுகிறது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பையும் நாடகப் படைப்பின் வகையாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அது எழுத்திலோ வேறு வகையிலோ பதிந்து வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. 1994-இல் செய்த திருத்தம் நிகழ்த்துவோருக்கும் தனி உரிமை அளித்தது. நடிகர், பாடகர், நடனக் கலைஞர் ஆகியோரோடு கழைக்கூத்தாடி, செப்படி வித்தைக்காரர், பாம்பாட்டி ஆகியோரையும் சட்டம் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தெருவில் வித்தை காட்டுபவரின் உடலும் உழைப்பும் சட்டத்தின் கண்ணில் மதிப்புடையவை என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. அவ்வுரிமை இன்று 50 ஆண்டுகளுக்கு நிலைக்கிறது. தம் பெயரைக் குறிப்பிடுமாறு கேட்கவும், தம் நிகழ்ச்சியைச் சிதைத்துப் பெருமைக்கு ஊறு செய்தால் தடுக்கவும் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. ஆயினும் இச்சட்டம் பேசுவது நிகழ்ச்சியைப் பதிவு செய்தலையும் படியெடுத்தலையும் பற்றியே. பதிவிலிருந்து அசைவை மட்டும் எண்களாக உறிஞ்சி, வேறோர் உருவத்துக்கு ஊட்டுவதை அது பெயரிட்டுச் சொல்லவில்லை. சட்டத்தில் இடைவெளி உள்ள இடத்தில் ஒப்பந்தமே காவல்.

எனவே நாட்டியம் கற்பிப்போரும், சிலம்பம் ஆடுவோரும், மும்பையிலும் ஐதராபாத்திலும் பெங்களூரிலும் சித்திரப் படக் கூடங்களில் பணி செய்யும் நம் இளைஞரும் சில செய்திகளை நினைவில் கொள்வது நலம். தாம் அமைத்த நடனத்தை நாள் குறிப்பிட்டுப் பதிவு செய்து வைத்தல் வேண்டும். பதிவில்லாத படைப்புக்குச் சட்டம் துணை நிற்பது கடினம். யாரேனும் அசைவைப் பதிவு செய்ய அழைத்தால், எந்தப் படத்துக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, எவ்வளவு ஊதியத்துக்கு என்னும் மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். கணிப்பொறிக்குக் கற்பிக்கவும் இது பயன்படுமா என்பதை நான்காவது கேள்வியாகக் கேட்டல் வேண்டும். ‘எல்லாப் பயன்களுக்கும், எக்காலத்துக்கும்’ என்னும் சொற்றொடர் ஒப்பந்தத்தில் இருப்பின், கையெழுத்திடுமுன் விவரம் அறிந்தவரிடம் காட்டுதல் வேண்டும். கூடத்தில் பணிபுரிவோர், பாத்திரத்தை வரைந்தவர் பெயரோடு அசைவைத் தந்தவர் பெயரும் படத்தில் இடம்பெறுமாறு பார்த்துக்கொள்ளலாம். இதற்குச் செலவில்லை, மனம் ஒன்றே போதும்.

கருவியை வெறுப்பதால் பயனில்லை; அதன்முன் வாய்மூடி நிற்பதாலும் பயனில்லை. ஒரு நடைக்குப் பின்னால், அந்த நடையைப் பழகிய கால்கள் இருக்கின்றன. ஓர் அடவுக்குப் பின்னால், பல ஆண்டுப் பயிற்சியும், வலியும், ஆசிரியரின் தட்டுக்கழி ஓசையும் இருக்கின்றன. அவற்றை எண்களாக எழுதிவிடலாம். எழுதியபின் அவை யாரிடமிருந்து வந்தன என்பதை அழித்துவிடுதல் மட்டும் நேர்மையாகாது. பாவைக்கூத்து முடிந்ததும் ஆட்டுவித்த கலைஞர் திரையை விலக்கிக்கொண்டு முன்வந்து வணங்குவதுண்டு. கணிப்பொறித் திரைக்கும் அப்படி ஒரு வழக்கத்தை ஏற்படுத்துவது நம் காலத்தவர் கடமை.